ஆட்டுக்கல் கொத்துகிற கூலி யார் தருவது?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் நாங்கள் வாடகைக்கு இருந்த ஓட்டு வீட்டின் பின்கட்டில் ஓர் ஆட்டுக்கல் இருந்தது. பாதி மண்ணுக்குள் புதைத்துச் சுற்றிலும் சிமெண்டு பூசிய கல். வீடு மாறுகிறவர்கள் அதைப் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. எங்களுக்கு முன்னால் எத்தனையோ குடும்பங்கள் அதில் மாவாட்டியிருக்கும். குழி வழவழவென்று ஆகிவிட்டால் அரிசி அரைபடாமல் வழுக்கிக்கொண்டு சுற்றும். அப்போது, உளியும் சுத்தியலுமாகத் தெருவில் கூவிக்கொண்டு வருகிறவரை அம்மா கூப்பிடுவார். அவர் உட்கார்ந்து கொத்திவிட்டுப் போவார். கூலியை அம்மா கையிலிருந்து கொடுப்பார். மாசம் பிறந்ததும் வாடகையில் அதைக் கழித்துக்கொள்வார். வீட்டுக்கார அம்மா ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. "கல்லு எங்களுதுங்க, அரிசி உங்களுது. கொத்தற கூலி நாங்கதான் தரோணும்" என்பார்.

வாடகை வீட்டின் வரியை யார் கட்டுவது என்று யாராவது கேட்டால் எனக்கு அந்தக் கல்தான் நினைவுக்கு வருகிறது. அந்த அம்மா ஒரே வரியில் சொன்னதைத்தான் சட்டப் புத்தகங்கள் பல பிரிவுகளில் சொல்கின்றன.

தமிழக-கேரள எல்லைப்புறத்தில் இந்தக் கேள்வி சிக்கலாவதற்குக் காரணம் உண்டு. பொள்ளாச்சியிலிருந்தோ உடுமலையிலிருந்தோ கம்பத்திலிருந்தோ வந்து கோவிந்தாபுரத்திலும் மறையூரிலும் குமுளியிலும் குடியிருப்பவர்களுக்கு 'வீட்டு வரி' தெரியும், 'சொத்து வரி' தெரியும். இங்கே வந்தால் 'கெட்டிட நிகுதி' என்கிறார்கள். பெரியவர்கள் 'கரம்' என்கிறார்கள். நோட்டீஸ் மலையாளத்தில் இருக்கிறது. வீட்டுக்காரர் வேறு ஊரில் இருப்பார். நோட்டீஸ் வீட்டில் இருப்பவர் கைக்கு வரும். கைக்கு வந்த காகிதம் தன் தலையில் விழுந்தது என்று குடியிருப்பவர் நினைத்துக்கொள்கிறார். வீட்டுக்காரரும் சில சமயம் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிடுகிறார்.

முதலில் கல்லை, அதாவது கட்டட வரியை, மட்டும் பார்ப்போம். பஞ்சாயத்துப் பகுதியில் 1994-ஆம் ஆண்டின் கேரளப் பஞ்சாயத்து ராஜ் சட்டமும், பாலக்காடு, சிற்றூர்-தத்தமங்கலம், கட்டப்பனை போன்ற நகராட்சிகளில் அதே ஆண்டின் நகராட்சிச் சட்டமும் கட்டடத்தின்மீது வரி போடுகின்றன. கட்டடத்தின்மீது என்பதுதான் இங்கே முக்கியம். வீட்டில் எத்தனை பேர் இருக்கிறார்கள், யார் சமைக்கிறார்கள் என்று அந்த வரி பார்ப்பதில்லை. பதிவேட்டில் வார்டு எண், வீட்டு எண், உரிமையாளர் பெயர் இருக்கும். கேட்பு நோட்டீஸ் அந்தப் பெயருக்குத்தான் எழுதப்படுகிறது. குடியிருப்பவர் பெயர் அதில் ஏறுவதில்லை. நீங்கள் போய்க் கவுண்டரில் பணம் கட்டினாலும் ரசீது வீட்டுக்காரர் பெயரில்தான் வரும்.

வரியின் அளவு எப்படி வருகிறது? முன்பெல்லாம் வீடு எவ்வளவு வாடகைக்குப் போகும் என்று மதிப்பிட்டு அதில் ஒரு பங்கை வரியாக வைத்தார்கள். அந்தக் கல்லில் எத்தனை படி மாவாட்டி விற்கலாம் என்று கணக்குப் போட்டுக் கூலி கேட்பது போல. 2011-இல் வந்த விதிகள் அதை மாற்றின. இப்போது கல்லின் சுற்றளவுதான் கணக்கு. கட்டடத்தின் தரைப்பரப்பைச் சதுர மீட்டரில் எடுத்து, ஒரு சதுர மீட்டருக்கு இவ்வளவு என்று அந்த ஊராட்சி வைத்திருக்கும் அடிப்படை விகிதத்தால் பெருக்குகிறார்கள். பிறகு வீடு எந்தப் பகுதியில் இருக்கிறது, எதிரே இருக்கும் வழி எவ்வளவு அகலம், கூரை ஓடா கான்கிரீட்டா, கட்டி எத்தனை வருஷம் ஆயிற்று என்று பார்த்துக் கொஞ்சம் கூட்டுவார்கள், கொஞ்சம் குறைப்பார்கள். உப்பும் புளியும் சரிபார்ப்பதைப் போன்ற வேலை அது. குழம்பின் அளவை அது மாற்றிவிடாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தால் பயம் தெளியும். 80 சதுர மீட்டர் வீடு, சுமார் 860 சதுர அடி. சதுர மீட்டருக்கு 8 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு 640 ரூபாய். அதற்கு மேல் நூலக வரி 5 சதவீதம், 32 ரூபாய். இந்த நூலக வரி எனக்கு மிகவும் பிடித்த ஒன்று. உலை வைக்கும் முன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனிப் பானையில் போட்டுவைப்பார்களே, பிடியரிசி, அது மாதிரி. கேரளத்தின் கிராமம்தோறும் ஒரு வாசகசாலை விளக்கெரிய அந்தப் பிடியரிசியும் ஒரு காரணம். ஆக 672 ரூபாய், அரையாண்டுக்கு 336. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை ஒரு அரையாண்டு, அக்டோபர் முதல் மார்ச் வரை இன்னொன்று. காலம் தவறினால் மாதந்தோறும் பிழைப்பலிசை, அதாவது அபராத வட்டி, ஏறும். 2023-24 முதல் இந்த வரி ஆண்டுக்கு 5 சதவீதம் கூடிக்கொண்டே போகும்படி வைத்திருக்கிறார்கள்.

இந்தக் கணக்கிலிருந்து வாடகைதாரர் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. "வாடகையைக் கூட்டினதால வரியும் கூடிருச்சு" என்று ஒரு வீட்டுக்காரர் சொன்னால் அது கேரளத்தில் பொருந்தாது. வாடகை மூவாயிரமானாலும் ஆறாயிரமானாலும் கல்லின் சுற்றளவு அதேதான். ஆனால் நீங்கள் குடியிருக்க எடுத்த இடத்தில் மாவுக்கடை போட்டாலோ, மூணாறு பக்கம் வாடகைக்கு எடுத்த வீட்டைச் சுற்றுலாப் பயணிகளுக்கு அறை அறையாக விட்டாலோ கதை வேறு. வீடு என்ற இனத்திலிருந்து வணிகம் என்ற இனத்துக்குக் கட்டடம் மாறுகிறது, விகிதமும் ஏறுகிறது. அந்தக் கூடுதலை உண்டாக்கியது உங்கள் வியாபாரம். அதை நீங்கள் தருவதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன். முன்கூட்டியே வீட்டுக்காரரிடம் சொல்லி, ஒப்பந்தத்திலும் எழுதிவிட வேண்டும்.

2023-இல் இன்னொரு மாற்றமும் வந்தது. 60 சதுர மீட்டருக்குள் அடங்கும் சொந்தக் குடியிருப்பு வீட்டுக்கு வரி விலக்கு. சின்ன வீடுதானே, வரி இல்லையே என்று வாடகை வீட்டுக்காரர்களும் இதைச் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்தச் சலுகை, வீட்டில் தானே குடியிருக்கும் உரிமையாளரை மனதில் வைத்துக் கொடுத்தது. வாடகைக்கு விட்ட வீட்டுக்கு அது தானாக வந்து சேராது.

'கெட்டிட நிகுதி' என்ற ஒரே பெயரில் இரண்டு வரிகள் இருப்பது பெரிய குழப்பம். 1975-ஆம் ஆண்டின் கேரளக் கட்டட வரிச் சட்டத்தின் கீழ், 100 சதுர மீட்டருக்கு மேற்பட்ட வீட்டுக்கு ஒரே ஒரு தடவை வருவாய்த் துறைக்குக் கட்டும் வரி ஒன்று உண்டு. அது கல்லைக் கொண்டுவந்து பதித்த அன்றைக்குக் கொடுத்த கூலி. பஞ்சாயத்துக்குக் கட்டுவது, அந்தக் கல்லை வருஷா வருஷம் கொத்துகிற கூலி. நிலத்துக்கான கரம் மூன்றாவது. வில்லேஜ் ஆபீசில் கட்டுவது. கல் பதித்திருக்கும் மண்ணுக்கானது. இந்த மூன்றில் எதுவும் வாடகைக்கு இருப்பவருடையது அல்ல.

அனுமதியில்லாமல் கட்டிய வீடுகளுக்குப் பஞ்சாயத்து 'யு.ஏ.' என்று குறித்து எண் கொடுக்கும். அவற்றுக்கு வரி மூன்று மடங்கு. இடுக்கி மலைப் பகுதியில் பட்டா நிபந்தனைகளும் கட்டுமானத் தடைகளும் அதிகம் என்பதால் அங்கே வீடு வாடகைக்கு எடுப்பவர்கள் கதவில் எழுதியிருக்கும் எண்ணை ஒரு முறை பார்த்துக்கொள்வது நல்லது. கோணலாகப் பதித்த கல்லுக்கு வரும் தண்டத்தில் மாவாட்டுகிறவருக்குப் பங்கில்லை.

லண்டனுக்கோ மான்செஸ்டருக்கோ நர்ஸ் வேலைக்கும் படிப்புக்கும் போன நம் பிள்ளைகள் போனில் வேறு கதை சொல்வார்கள். அங்கே 'கவுன்சில் டாக்ஸ்' என்ற வரி குடியிருப்பவர் பெயருக்கு வரும். 1993 ஏப்ரல் முதல் நடப்பில் இருக்கும் அந்த வரி, வீட்டின் மதிப்பை வைத்துப் போடப்பட்டாலும், அந்த ஊர் நகராட்சி தரும் வசதிகளை அனுபவிப்பவர் தர வேண்டியது என்ற எண்ணத்தில் அமைந்தது. பந்தியில் உட்கார்ந்தவர் இலைக்குக் காசு கொடுப்பது மாதிரி. ஒருவர் மட்டும் குடியிருந்தால் கால் பங்கு தள்ளுபடி. எல்லோரும் மாணவர்களாக இருந்தால் வரியே இல்லை. தனித்தனி அறைகளாகப் பலருக்கு விட்ட வீடென்றால், மெஸ் நடத்துபவரைப் போல வீட்டுக்காரரே கட்டுவார். அங்கே போய்ச் சேர்ந்தவுடன் "வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார்" என்று இருந்துவிட்டுப் பாக்கிக் கடிதம் வந்து திகைப்பவர்கள் உண்டு. அதேபோல் அங்கிருந்து திரும்பிவந்து இங்கே வாடகைக்கு வீடெடுத்து, கட்டவேண்டியதில்லாத வரியைக் கட்டுகிறவர்களும் உண்டு. இரண்டையும் வீட்டு வரி என்று சொன்னாலும் இரண்டு சமையலறையின் கணக்கும் வேறு.

சரி, வீட்டுக்காரர் கட்டவில்லை. நோட்டீஸ் மேல் நோட்டீஸ் வருகிறது. அவர் போனை எடுப்பதில்லை. என்ன செய்வது?

இங்கேதான் அம்மாவின் கணக்கு சட்டமாகவே இருக்கிறது. 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், 108-ஆம் பிரிவு. வீட்டுக்காரர் கட்டக் கடமைப்பட்ட ஒன்றைக் கட்டாமல் விட்டு, அது குடியிருப்பவரிடமோ அந்தச் சொத்தின் மேலோ வசூலிக்கப்படக் கூடியதாக இருந்தால், குடியிருப்பவர் தானே கட்டிவிட்டு, வட்டியோடு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். அல்லது வேறு வழியில் திரும்பப் பெறலாம். அதற்குப் பத்து வருஷம் முந்தைய 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 69-ஆம் பிரிவும் இதையே பொதுவாகச் சொல்கிறது: இன்னொருவர் சட்டப்படி கட்ட வேண்டிய பணத்தை, தனக்கு அதில் அக்கறை இருப்பதால் ஒருவர் கட்டினால், அவருக்கு அந்தப் பணம் திரும்ப வர வேண்டும். சட்டத்தில் கொடுத்திருக்கும் உதாரணம் வங்காளத்தில் ஜமீன்தாரிடம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்த ஒருவரைப் பற்றியது. ஜமீன்தார் அரசுக்குக் கட்டவேண்டிய வரி பாக்கி. நிலம் ஏலத்துக்கு வருகிறது. ஏலம் போனால் தன் குத்தகையும் போகும் என்று குத்தகைதாரர் அந்தப் பாக்கியைக் கட்டுகிறார். ஜமீன்தார் அதைத் திருப்பித் தந்தாக வேண்டும். நூற்றைம்பது வருஷத்துக்கு மேலாக அந்த உதாரணம் அப்படியே நிற்கிறது.

ஆனால் கழிப்பதற்கு முன் எழுத்தில் தெரியப்படுத்துங்கள். வாட்ஸாப்பில் நோட்டீஸின் படத்தையும், கட்டிய பிறகு ரசீதின் படத்தையும் அனுப்புங்கள். கல் கொத்தியதை வீட்டுக்கார அம்மா தன் கண்ணால் பார்த்திருப்பார். பஞ்சாயத்தில் நீங்கள் கட்டியதை அவர் பார்க்கவில்லை. சொல்லாமல் வாடகையைக் குறைத்தால் அது வாடகை பாக்கி என்ற பெயரில் உங்கள் மேல் திரும்பும்.

இந்த 108-ஆம் பிரிவு, 'வேறு ஒப்பந்தமோ ஊர் வழக்கமோ இல்லாதபோது' என்றுதான் தொடங்குகிறது. ஆகவே வாடகைச் சீட்டில் "வரிகள் அனைத்தும் குடியிருப்பவர் பொறுப்பு" என்று ஒரு வரி இருந்து நீங்கள் கையெழுத்தும் போட்டிருந்தால், உங்கள் இருவருக்குள் அந்தப் பாரம் உங்களுடையதாகிவிடும். பதினோரு மாதச் சீட்டுதானே என்று யாரும் அதைப் படிப்பதில்லை. (ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட வாடகை ஒப்பந்தத்தைப் பதிவு செய்தாக வேண்டும் என்பதால்தான் எல்லோரும் பதினோரு மாதம் எழுதுகிறார்கள்.) படியுங்கள். இன்னொன்றும் உண்டு: அந்தச் சீட்டு உங்கள் இருவரைத்தான் கட்டும், பஞ்சாயத்தைக் கட்டாது. பஞ்சாயத்து தன் பதிவேட்டில் இருக்கும் பெயரைத்தான் கேட்கும். சமையற்காரர் காய்கறி வாங்குவார் என்று கல்யாண வீட்டுக்காரரும் சமையற்காரரும் பேசிக்கொள்ளலாம். காய்கறிக் கடைக்காரர் தன் நோட்டில் யார் பெயரை எழுதினாரோ அவரிடம்தான் வருவார்.

ஒத்திக்கு இருப்பவர்கள் கவனிக்க வேண்டும். மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டு, வாடகை தராமல் இருந்து, போகும்போது தொகையைத் திரும்ப வாங்கிக்கொள்ளும் முறை எல்லையின் இரு பக்கமும் நடக்கிறது. அது முறையான அனுபவ போக்கியமாக எழுதப்பட்டிருந்தால், அதே 1882 சட்டத்தின் 76-ஆம் பிரிவு வேறு மாதிரி பேசுகிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், சொத்தைக் கையில் வைத்திருக்கும் போக்கியதாரர்தான் அதன் வருமானத்திலிருந்து அரசு வரியையும் பொதுக் கட்டணங்களையும் கட்ட வேண்டும். கல்லையே தன் வீட்டுக்கு வாங்கிவைத்து அதன் பலனை முழுக்க எடுத்துக்கொள்கிறவர் கொத்துகிற கூலியையும் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது அதன் நியாயம். வாய்ப்பேச்சாக நடக்கும் ஒத்திகளில் இது எழுதப்படுவதே இல்லை. சண்டை வருவதும் அங்கேதான்.

அரிசி யாருடையது என்பதில் சந்தேகம் வேண்டாம். மின்சாரம், குடிநீர் இவை இரண்டும் இணைப்பு வீட்டுக்காரர் பெயரில் இருந்தாலும் எரித்தவர், குடித்தவர் கணக்கு. குடிவரும் நாளிலேயே மீட்டரைப் படமெடுத்துவையுங்கள். வேலைக்குப் போகிறவருக்குத் தொழில் வரி உண்டு. அதுவும் உள்ளாட்சிக்குத்தான் போகும், ஆண்டுக்கு 2,500 ரூபாய்க்கு மேல் போகாது, வீட்டுக்காரருக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. எச்சில் இலையை எடுத்துப் போடும் வேலை ஹரித கர்ம சேனையுடையது. பச்சைச் சீருடையில் மாசாமாசம் வந்து பிளாஸ்டிக் கழிவை வாங்கிப் போகும் அந்தப் பெண்களுக்குப் பஞ்சாயத்துப் பகுதியில் வீட்டுக்கு 50 ரூபாய் கட்டணம். சாப்பிட்டவர் தர வேண்டியது அது. தராமல் விட்டால் அந்தப் பாக்கியைக் கட்டட வரியோடு சேர்த்து வசூலிக்கச் சட்டத்தில் வழி செய்திருக்கிறார்கள். அதாவது நீங்கள் விட்ட 50 ரூபாய் வீட்டுக்காரர் கணக்கில் போய் உட்காரும். மேலே போட்ட கணக்கோடு வைத்துப் பாருங்கள்: வருஷத்துக்கு 600 ரூபாய், கிட்டத்தட்ட அந்த வீட்டின் வரி அளவு. காலி செய்யும்போது அட்வான்ஸில் பிடித்தம் என்ற பேச்சு பெரும்பாலும் இந்த மாதிரிச் சின்னத் தொகைகளில்தான் தொடங்குகிறது. அதில் வீட்டுக்காரர் பக்கம் நியாயம் இருக்கிறது.

மூணாறு, தேவிகுளம், பீருமேடு தோட்டங்களில் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், இருப்பவர்கள் இதைப் படித்துவிட்டு, நமக்கு என்ன என்று கேட்கலாம். லயம் கம்பெனியின் கட்டடம். 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தொழிலாளிக்குக் குடியிருப்புத் தருவதை நிர்வாகத்தின் கடமையாக வைத்தது. அங்கே கல்லும் கம்பெனியுடையது, கொத்துகிற கூலியும் கம்பெனியுடையது. லயங்களைக் கட்டட வரியிலிருந்து விலக்குவதாக மாநில அரசு 2018-இல் அறிவித்தது. அதில் மிச்சமானது நிர்வாகத்தின் பணம். அப்படியிருக்க, ஒழுகும் கூரைக்குத் தகரம் மாற்றக்கூடக் கெஞ்ச வேண்டியிருக்கிற லயங்கள் இன்றும் உள்ளன என்பது எனக்குத் தாங்க முடியாததாக இருக்கிறது. வரிச் சுமையை இறக்கிவைத்த பிறகு கூரையையாவது பார்க்க வேண்டும்.

வீட்டுக்காரர்கள் வரி ரசீது நகலைத் தரத் தயங்குவதற்குப் பின்னால் ஒரு பயம் இருக்கிறது. ரேஷன் கார்டுக்கோ குடியிருப்புச் சான்றுக்கோ போகும் வாடகைதாரர் அந்த நகலைக் கேட்பார். கொடுத்தால் வீடு கைவிட்டுப் போய்விடுமோ என்று நினைக்கிறார்கள். போகாது. வரி ரசீது உரிமைப் பத்திரம் அல்ல. இருபது வருஷம் அந்தக் கல்லில் மாவாட்டினாலும், கொத்துகிற கூலியைக் கையிலிருந்து கொடுத்தாலும் கல் நம்முடையது ஆகிவிடாது. சொல்லப்போனால் வரியைத் தாமே கட்டுவதில் வீட்டுக்காரருக்கு லாபமும் உண்டு. வாடகை வருமானத்துக்கு வருமான வரி கணக்கிடும்போது, உள்ளாட்சிக்குக் கட்டிய வரியைக் கழிக்கலாம்; ஆனால் அதை உரிமையாளரே தன் கைப்பணத்திலிருந்து கட்டியிருக்க வேண்டும். வாடகைதாரர் தலையில் கட்டிவிட்டால் அந்தக் கழிவு கிடைக்காது.

வீடு பார்க்கப் போகும்போது சமையலறையில் தண்ணீர் வருகிறதா, புகை வெளியே போகிறதா என்று பார்க்கிறோம். அதோடு, கடைசி அரையாண்டின் வரி ரசீதையும் கேளுங்கள். 2025 உள்ளாட்சித் தேர்தலுக்கு முன் வார்டுகள் மறுவரையறை செய்யப்பட்டதால் கதவில் இருக்கும் எண்ணும் ரசீதில் இருக்கும் எண்ணும் வேறாக இருக்கலாம். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். வீட்டு எண் தெரிந்தால் பாக்கி இருக்கிறதா என்று பஞ்சாயத்தின் இணையதளத்திலேயே பார்த்துவிடலாம். முன்பு 'சஞ்சயா' என்றிருந்தது. 2025 ஏப்ரல் முதல் கிராமப் பஞ்சாயத்துகளும் 'கே-ஸ்மார்ட்'டுக்கு மாறிவிட்டன. சீட்டில் இப்படி ஒரு வரி எழுதச் சொல்லுங்கள்: கட்டட வரி உரிமையாளர் பொறுப்பு; குடியிருப்பவர் கட்ட நேர்ந்தால் ரசீதைக் காட்டி வாடகையில் கழித்துக்கொள்ளலாம்; மின்சாரம், தண்ணீர், கழிவுக் கட்டணம் குடியிருப்பவர் பொறுப்பு.

நோட்டீஸ் மலையாளத்தில் வந்து புரியவில்லையென்றால் பயந்து பணத்தைக் கட்டிவிட வேண்டாம். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மிகுந்த பகுதிகளில் உள்ள மாநில அரசு அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் நமக்கு உரிமை தந்திருக்கிறது. பஞ்சாயத்து ஆபீசிலும் தமிழில் ஒரு மனு எழுதிக் கொடுங்கள்: இந்த வீட்டின் வரி யார் பெயரில் இருக்கிறது, எந்த அரையாண்டு வரை கட்டியிருக்கிறது, எவ்வளவு பாக்கி. கொடுத்ததற்கு ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு வாருங்கள்.